72-ஐ 6 × 12 எனப் பிரித்தால் நான்கு விடையும் பொருந்துகிறதே? (குரூப் 4, வகுபடும் தன்மை)

கேத்தி_பள்ளம்

எல்லாருக்கும் வணக்கம். மாதிரித் தாளில் வந்த கணக்கு:

53க47ச என்ற ஆறிலக்க எண் 72-ஆல் மீதியின்றி வகுபடும் எனில், க + ச = ?
(ஏ) 5 (பி) 8 (சி) 11 (டி) 14

72 = 6 × 12. அதனால 6-க்கும் 12-க்கும் சோதிச்சேன். 12-க்கு 3-உம் 4-உம் போதும். கடைசி இரண்டு இலக்கம் 7ச, 4-ஆல வகுபட ச = 2 அல்லது 6. ரெண்டுமே இரட்டைப்படை, அதனால 6-க்கும் சரி.
ச = 2 எனில் இலக்கக் கூடுதல் 21 + க, அப்போ க = 0, 3, 6, 9.
ச = 6 எனில் 25 + க, அப்போ க = 2, 5, 8.
கூட்டினா 2, 5, 8, 11, 14 எல்லாமே வருது. நாலு விருப்பமும் சரியாகுதே. வினா தப்பா, இல்ல வேற ஏதாவது இருக்கா அண்ணா?

ஹில்குரோவ்

வினா சரி. பிரித்த விதம்தான் சிக்கல்.

ஓர் எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்துத் தனித்தனியே சோதிக்கலாம். ஆனால் அந்த இரண்டும் சார்பகா எண்களாக இருக்க வேண்டும், அதாவது 1-ஐத் தவிர அவற்றுக்குப் பொதுக் காரணி இருக்கக் கூடாது. 6-க்கும் 12-க்கும் பொதுக் காரணி 6. 12-ஆல் வகுபடுகிற எதுவும் 6-ஆல் தானாகவே வகுபடும். ஆகவே நீங்கள் இரண்டு சோதனை செய்ததாக நினைத்தாலும் நடந்தது ஒன்றுதான், அது 12-க்கான சோதனை. இரண்டு எண்களுக்கும் சோதிக்கும்போது நமக்கு உறுதியாவது அவற்றின் மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) மட்டுமே. 6, 12 ஆகியவற்றின் மீ.சி.ம 12, 72 அல்ல.

72 = 8 × 9. இதில் பொதுக் காரணி இல்லை.

முதலில் 8. கடைசி மூன்று இலக்கம் 47ச. 470-க்கும் 479-க்கும் நடுவே 8-இன் மடங்கு 472 மட்டும். ச = 2.
அடுத்து 9. 5 + 3 + க + 4 + 7 + 2 = 21 + க. 27 ஆக வேண்டும், க = 6.
எண் 536472. 72 × 7451 = 536472. க + ச = 8, விடை (பி).

வரிசையும் முக்கியம். 8-இன் சோதனை கடைசி இலக்கத்தை நேராகப் பிடித்துக் கொடுத்துவிடும். 9-ஐ முதலில் எடுத்தால் க + ச = 8 அல்லது 17 என்று இரண்டு வழி திறக்கும், பிறகு மறுபடி 8-க்கு வர வேண்டும். 2, 4, 8, 5, 25, 125 எல்லாம் எண்ணின் வாலைப் பார்ப்பவை, அவை முதலில். 3, 9, 11 முழு எண்ணையும் பார்ப்பவை, அவை பிறகு.

லவ்டேல்_208

இந்த வினாவை அமைத்தவர் விவரமான ஆள். 6 × 12-இல் வரும் தவறான விடைகளைக் கணக்கிட்டு, அவற்றையே விருப்பங்களாக வைத்திருக்கிறார். 72 = 4 × 18 என்று பிரித்தாலும் இதேபோல மாட்டும், அங்கே பொதுக் காரணி 2.

நினைவில் வைக்க வேண்டிய பிரிப்புகள்: 12 = 3 × 4. 18 = 2 × 9 (3 × 6 கூடாது). 24 = 3 × 8 (4 × 6 கூடாது; 36 இரண்டாலும் வகுபடும், 24-ஆல் வகுபடாது). 36 = 4 × 9. 45 = 5 × 9. 66 = 6 × 11. 88 = 8 × 11. 99 = 9 × 11. பெரிய எண் வந்தால் பகாக் காரணிகளாக உடைத்து, ஒரே பகா எண்ணின் அடுக்கை ஒரே பக்கம் வையுங்கள். 360 = 8 × 9 × 5. அவ்வளவுதான்.

சாண்டிநல்லா

8-க்கு மூன்று இலக்கத்தை வகுத்துப் பார்க்கவே நேரம் போகுதுன்னா: நூறாம் இலக்கம் இரட்டைப்படையா இருந்தா கடைசி ரெண்டு இலக்கம் 8-ஆல வகுபடுதான்னு பாருங்க. ஒற்றைப்படைன்னா கடைசி ரெண்டோட 4 கூட்டிட்டுப் பாருங்க. 472: 4 இரட்டை, 72 சரி. 536: 5 ஒற்றை, 36 + 4 = 40 சரி. 200 = 25 × 8, 100 = 96 + 4, காரணம் அதுதான்.

4-க்கும் உண்டு. பத்தாம் இலக்கம் இரட்டைன்னா கடைசி இலக்கம் 0, 4, 8. ஒற்றைன்னா 2, 6.

கேத்தி_பள்ளம்

நன்றிங்க, இப்போ தெளிவு. 11-ஐயும் இதே இழையில கேட்டுடறேன். 91க08 என்ற எண் 11-ஆல வகுபடணும். ஒன்று விட்டு ஒன்று கூட்டினா 8 + க + 9 = 17 + க; இன்னொரு பக்கம் 0 + 1 = 1. ரெண்டும் சமமாக வழியே இல்லையே. அப்படி ஓர் எண் இல்லைன்னு விடை எழுதலாமா?

அருவங்காடு

வேண்டாம். வித்தியாசம் 0 ஆகத்தான் வேண்டும் என்பதில்லை. 0, 11, 22 என 11-இன் எந்த மடங்கும் ஆகலாம். இங்கே வித்தியாசம் 16 + க. 22 ஆக க = 6. 91608 = 11 × 8328.

வினாத்தாளில் 0 வருகிற மாதிரி எளிதாகவும் வைப்பார்கள், 11 வருகிற மாதிரியும் வைப்பார்கள். இரண்டு இடம் தெரியாத கணக்கில் 0-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 11-ஐ விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு.

ஹில்குரோவ்

இரண்டு இடம் தெரியாத கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு. 47கச5 என்பது 99-ஆல் வகுபடும் எனில் க, ச என்ன?

வழக்கமான வழி:
9-க்கு: 16 + க + ச = 18 அல்லது 27. ஆக க + ச = 2 அல்லது 11.
11-க்கு: ஒற்றை இடங்கள் 5 + க + 4, இரட்டை இடங்கள் ச + 7. வித்தியாசம் 2 + க − ச. இது 0 எனில் ச − க = 2. இது 11 எனில் க − ச = 9, அதாவது க = 9, ச = 0, கூடுதல் 9 ஆகிறது, 9-இன் நிபந்தனைக்கு ஒத்துவரவில்லை.
ச − க = 2, க + ச = 2: ச = 2, க = 0. கூடுதல் 11 என்று எடுத்தால் ச = 6½, முழு எண் இல்லை.
எண் 47025.

குறுக்கு வழி: 100 = 99 + 1. ஆகவே 99-க்கு, எண்ணை வலமிருந்து இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்டினால் போதும். 4 | 7க | ச5. கூடுதல் 4 + 70 + க + 10ச + 5 = 79 + (10ச + க). இது 99 ஆக வேண்டும்; அடுத்தது 198, அதற்கு 10ச + க = 119 வேண்டும், ஈரிலக்கத்தில் முடியாது. எனவே 10ச + க = 20; ச = 2, க = 0. ஒரே வரி. 99 × 475 = 47025.

குந்தா_நீர்மின்

7-ஐ யாரும் தொடவில்லையே. கடைசி இலக்கத்தை இரட்டித்து மீதமுள்ள எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 4382: 438 − 4 = 434; 43 − 8 = 35; 7-ஆல் வகுபடும். 13-க்குக் கடைசி இலக்கத்தை 4-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 17-க்கு 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 19-க்கு 2-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். இந்த நான்கையும் மனப்பாடம் செய்தால் தாளில் எதற்கும் பயப்பட வேண்டாம்.

லவ்டேல்_208

குந்தா சார், விதிகள் நான்கும் சரி. ஆனால் தேர்வுக்கூடத்தில் நான் 7-க்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு காரணம்.

ஒன்று, நேரம். 4382 ÷ 7 நேராக வகுத்தால் 626, மூன்று படி. உங்கள் வழியில் இரட்டிப்பு இரண்டு, கழித்தல் இரண்டு. மிச்சம் ஒன்றும் இல்லை.

இரண்டாவதுதான் பெரிது. இந்த விதி வகுபடுமா வகுபடாதா என்று மட்டும் சொல்லும்; மீதியைச் சொல்லாது. 4385-ஐ எடுங்கள். 438 − 10 = 428, 42 − 16 = 26. 26-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5. உண்மையில் 4385 = 7 × 626 + 3, மீதி 3. 'எவ்வளவு கூட்டினால் 7-ஆல் வகுபடும்' என்று கேட்டிருந்தால் 5-ஐ நம்பி 2 என்று எழுதியிருப்போம். சரியான விடை 4. இரண்டும் விருப்பங்களில் இருக்கும்.

குந்தா_நீர்மின்

மீதி மாறுகிறது என்பது சரி, அதற்கு மறுப்பில்லை. ஆனால் ஏழெட்டு இலக்க எண் வந்தால் நேர் வகுத்தலில் ஓர் இடம் வழுக்கினால் முழுதும் போகும்.

ஹில்குரோவ்

பெரிய எண்ணுக்கு 1001 இருக்கிறது. 1001 = 7 × 11 × 13. வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, முதல் துண்டைக் கூட்டு, அடுத்ததைக் கழி, அடுத்ததைக் கூட்டு. 51205: 205 − 51 = 154. 154 = 7 × 22; ஆக 7-ஆலும் 11-ஆலும் வகுபடும், 13-ஆல் வகுபடாது. மூன்று எண்களுக்கும் ஒரே வேலை. மீதியும் மாறாது: 51208 எனில் 208 − 51 = 157, 7-ஆல் வகுத்தால் மீதி 3, அதுவே 51208-இன் மீதி.

435435 போல மூன்றிலக்கம் இரு முறை வந்தால் பார்க்கவே வேண்டாம், 7, 11, 13 மூன்றாலும் வகுபடும்.

ஒரு எச்சரிக்கை. வினாத்தாளில் நம் வழக்கப்படி 4,35,435 என்று காற்புள்ளி இட்டிருப்பார்கள். காற்புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டினால் 4 | 35 | 435 ஆகிவிடும், கணக்கு கெடும். காற்புள்ளிகளை அடித்துவிட்டு வலமிருந்து மூன்று மூன்றாக எண்ணுங்கள். 99-க்கு இரண்டிரண்டாக வெட்டும்போதும் அதேதான்.

கோத்தகிரி_அக்கா

எந்த விதி மீதியையும் காக்கும், எது காக்காது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இது பாடப் புத்தகத்தில் தனியாக வராத விஷயம், ஆனால் கேள்விகளில் பாதி இதைச் சுற்றியே.

3, 9: இலக்கக் கூடுதலின் மீதிதான் எண்ணின் மீதி. காக்கும்.
4, 8, 25, 125: வாலின் மீதிதான் எண்ணின் மீதி. காக்கும்.
99, 999, 1001 துண்டு வழிகள்: காக்கும்.
இரட்டித்துக் கழிக்கும், நான்கால் பெருக்கிக் கூட்டும் விதிகள்: காக்காது.
11: காக்கும், ஆனால் ஒன்றாம் இலக்கத்தில் 'கூட்டு' என்று தொடங்கினால் மட்டும்.

கடைசியானதைக் கவனியுங்கள். 4385-ஐ வலமிருந்து எடுத்தால் 5 − 8 + 3 − 4 = −4; 11 கூட்டினால் மீதி 7. சோதித்துப் பாருங்கள், 11 × 398 = 4378, மீதி 7 சரி. இடமிருந்து எடுத்தால் 4 − 3 + 8 − 5 = 4, மீதி 4 என்று தவறாக வரும். இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றே, இரட்டைப்படையாக இருந்தால் குறி தலைகீழாகும். வகுபடுமா என்று மட்டும் கேட்டால் எந்தப் பக்கம் தொடங்கினாலும் குற்றமில்லை.

சாண்டிநல்லா

3-க்கும் 9-க்கும் இலக்கக் கூடுதல் வேலை செய்யுதுன்னு 27-க்கும் அதையே போடறாங்க சில பேர். 1899-இன் கூடுதல் 27, ஆனா 1899 = 27 × 70 + 9. 27-க்கு மும்மூன்று இலக்கமா வெட்டிக் கூட்டணும், ஏன்னா 999 = 27 × 37. 1 + 899 = 900, 27-ஆல மீதி 9. பொருந்துது.

கேத்தி_பள்ளம்

அக்கா, '88-ஆல் வகுபடும் மிகச்சிறிய ஐந்திலக்க எண்' மாதிரி வர்றதுல எப்போ கழிக்கணும், எப்போ கூட்டணும்னு ஒவ்வொரு தடவையும் குழப்பம்.

கோத்தகிரி_அக்கா

மிகப்பெரியது கேட்டால் மேலே போக இடமில்லை, கழிக்க வேண்டும். 99999 = 88 × 1136 + 31. 99999 − 31 = 99968.

மிகச்சிறியது கேட்டால் கீழே போக இடமில்லை. 10000 = 88 × 113 + 56. 56-ஐக் கழித்தால் 9944, நான்கிலக்கமாகிவிடும். 88 − 56 = 32 கூட்ட வேண்டும்: 10032.

இன்னொரு பொறி: மீதி 0 வந்தால் அந்த எண்ணே விடை. 16-ஆல் வகுபடும் மிகச்சிறிய ஐந்திலக்க எண் 10000 தான், 10016 அல்ல. சூத்திரமாக 'வகுத்தி − மீதி' என்று போடுபவர்கள் 16 − 0 = 16 கூட்டிவிடுவார்கள்.

மீ.சி.ம, மீ.பெ.கா (மீப்பெரு பொதுக் காரணி) கணக்குகளும் இதன் உடன்பிறப்புகள்தான், பாடத்திட்டத்தில் பெயர் சொல்லியே இருக்கின்றன. சேர்த்தே பார்த்துவிடுங்கள் தம்பி.

ஊட்டி நிலையத்திலிருந்து குன்னூருக்கு 12 நிமிடத்துக்கு ஒன்று, கோத்தகிரிக்கு 18 நிமிடத்துக்கு ஒன்று, கூடலூருக்கு 30 நிமிடத்துக்கு ஒன்று எனப் பேருந்துகள் புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காகத்தான், ஆடி மழையில் எந்த மீ.சி.ம-வும் உதவாது). காலை 6 மணிக்கு மூன்றும் ஒன்றாகக் கிளம்பின. மீ.சி.ம 180 நிமிடம், அடுத்து 9 மணிக்கு. மாலை 6 வரை எத்தனை முறை ஒன்றாகக் கிளம்பும்? 12 ÷ 3 = 4 என்று எழுதினால் தவறு. 6, 9, 12, 3, 6 ஆக 5 முறை. 'அதற்குப் பிறகு எத்தனை முறை' என்று கேட்டிருந்தால்தான் 4.

அதே மூன்று எண்கள், மீதியோடு:
12, 18, 30 ஆகியவற்றால் வகுக்க ஒவ்வொன்றிலும் மீதி 5 தரும் மிகச்சிறிய எண் (5-ஐ விடப் பெரியது): 180 + 5 = 185.
மீதிகள் முறையே 7, 13, 25 எனில்: 12 − 7 = 5, 18 − 13 = 5, 30 − 25 = 5. வித்தியாசம் ஒன்றே, ஆக 180 − 5 = 175.
ஒவ்வொன்றிலும் மீதி 5, ஆனால் 7-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் எனில்: எண் 180ம + 5 வடிவில் இருக்கும். 180 = 175 + 5, ஆகவே 7-ஐப் பொறுத்தவரை 5ம + 5 மட்டும் பார்த்தால் போதும். ம = 6. எண் 1085.
மீதி 5 தரும் மிகப்பெரிய நான்கிலக்க எண்: முதலில் 9999-இலிருந்து 5-ஐக் கழியுங்கள், 9994. 9994 = 180 × 55 + 94. 180 × 55 = 9900, கடைசியில் 5 கூட்ட 9905. 5-ஐ முதலிலேயே கழித்துவிட்டால் விடை நான்கிலக்கத்தைத் தாண்டாது.

அருவங்காடு

மீ.பெ.கா பக்கத்தில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மீதி தெரிந்தால் எண்ணிலிருந்து மீதியைக் கழிக்க வேண்டும். 128, 203 ஆகியவற்றை வகுக்க முறையே 2, 5 மீதி தரும் மிகப்பெரிய எண்: 126, 198-இன் மீ.பெ.கா 18.

மீதி தெரியாது, எல்லாவற்றிலும் சமம் என்று மட்டும் சொன்னால் எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க வேண்டும். 245, 329, 497: வித்தியாசங்கள் 84, 168, 252. மீ.பெ.கா 84. மூன்றிலும் மீதி 77.

இறுதியில் கட்டாயம் பார்க்க வேண்டியது: கிடைத்த வகுத்தி மீதியை விடப் பெரிதா? இல்லையென்றால் அப்படி ஓர் எண்ணே இல்லை.

லவ்டேல்_208

எண்ணிக்கைக் கணக்கும் சேரட்டும். 1 முதல் 500 வரை 6-ஆல் அல்லது 8-ஆல் வகுபடுபவை எத்தனை? 500 ÷ 6 → 83. 500 ÷ 8 → 62. இரண்டிலும் வருபவை மீ.சி.ம 24-இன் மடங்குகள்: 20. 83 + 62 − 20 = 125. இங்கே 6 × 8 = 48 என்று போட்டால் 10 மட்டும் கழியும், 135 என்று வரும். இழையின் முதல் கணக்கில் நடந்த அதே கோளாறு வேறு சட்டை போட்டு வருகிறது, பொதுக் காரணியை மறந்து பெருக்குவது.

தொடக்கம் 1 இல்லையென்றால் இன்னொரு பொறி. 200 முதல் 500 வரை 8-இன் மடங்குகள்: 500 ÷ 8 → 62, கழிக்க வேண்டியது 199 ÷ 8 → 24. விடை 38. 199-க்குப் பதில் 200-ஐ வகுத்துக் கழித்தால் 25, விடை 37, 200-ஏ விட்டுப்போகும். வினாவில் 'முதல் … வரை' என்றால் இரு முனையும் சேரும். 'இடையே' என்றால் முனைகளைச் சேர்க்காதீர்கள், அப்போது 37 தான் சரி.

ஹில்குரோவ்

அடுக்கு வந்தால் மலைக்க வேண்டாம், பொதுவாக வெளியே எடுத்தால் எளிது. 7²⁰ + 7²¹ + 7²² எதனால் வகுபடும்: 11, 13, 17, 19? 7²⁰ × (1 + 7 + 49) = 7²⁰ × 57. 57 = 3 × 19. விடை 19.

17²¹ + 25²¹: அடுக்கு ஒற்றைப்படை, இரண்டிலும் ஒன்றே. அப்போது அடிகளின் கூடுதலால், அதாவது 42-ஆல் வகுபடும். 2, 3, 6, 7, 14, 21 எல்லாவற்றாலும்தான். கழித்தல் குறி எனில் அடுக்கு எதுவானாலும் அடிகளின் வித்தியாசத்தால் வகுபடும். கூட்டலில் அடுக்கு இரட்டைப்படை என்றாலோ இரண்டு அடுக்கும் வேறு வேறு என்றாலோ இந்த விதியைத் தொடாதீர்கள்.

மீதியிலிருந்து மீதி: ஓர் எண்ணை 156-ஆல் வகுக்க மீதி 47. 13-ஆல் வகுத்தால்? 13, 156-இன் காரணி. ஆகவே 47-ஐ 13-ஆல் வகுத்தால் போதும், 8. அதே எண்ணை 24-ஆல் வகுத்தால் என்ன மீதி என்று கேட்டால் கொடுத்த தகவல் போதாது, 24 காரணி அல்ல.

குந்தா_நீர்மின்

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 200 வினா, 3 மணி நேரம்: வினாவுக்கு 54 விநாடி. திறனறிவு 25 வினாவுக்கு அது போதாது, பொதுத் தமிழில் மிச்சம் பிடித்துத்தான் இங்கே செலவழிக்க வேண்டும். எதிர்மறை மதிப்பெண் இல்லாததால், 8-இன் சோதனையிலேயே இரண்டு விருப்பம் அடிபட்டால் மிச்சத்தில் ஒன்றை நிரப்பிவிடலாம். எஸ்.எஸ்.சி. தாளில் அந்தத் துணிச்சல் வேண்டாம், அங்கே மதிப்பெண் குறையும்.

விருப்பங்களில் நேரடியாக எண்களே கொடுத்திருந்தால் சூத்திரம் எதற்கு? நான்கையும் வாலால் சோதியுங்கள், மிஞ்சுவதை இலக்கக் கூடுதலால் சோதியுங்கள். 9-க்குக் கூட்டும்போது 9-களையும், 9 தரும் ஜோடிகளையும் (4-உம் 5-உம், 2-உம் 7-உம்) அடித்துவிட்டால் வேகம். ஊட்டி மையத்தில் காலை 9.30-க்கு விரல் விறைத்திருக்கும், வட்டம் நிரப்பவே கூடுதல் நேரம் போகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

லவ்டேல்_208

பயிற்சிக்கு நான்கு. எண்கள் நம் ஊருடையவை.

1. தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். குறைந்தது எவ்வளவு கூட்டினால் 11-ஆல் வகுபடும்?
2. நீலகிரி மலை ரயில் பாதையில் 208 வளைவுகள், 250 பாலங்கள். (அ) இரண்டு எண்களையும் வகுக்க மீதி 4 தரும் மிகப்பெரிய எண்? (ஆ) மீதி சமம் என்று மட்டும் சொன்னால்?
3. ஊட்டியின் அஞ்சல் குறியீடு 643001. 99-ஆல் வகுத்தால் மீதி?
4. அந்த 208 வளைவுகளுக்கும் 1 முதல் வரிசை எண் இட்டால், 12-இன் மடங்காகவோ 16-இன் மடங்காகவோ அமைபவை எத்தனை?

கேத்தி_பள்ளம்

1. வலமிருந்து 7 − 3 + 6 − 2 = 8. மீதி 8, கூட்ட வேண்டியது 3. 2640 = 11 × 240.
2. (அ) 204, 246-இன் மீ.பெ.கா 6. 4-ஐ விடப் பெரிது, சரி. (ஆ) 250 − 208 = 42. ரெண்டுலயும் மீதி 40.
3. 64 + 30 + 01 = 95. மீதி 95.
4. 208 ÷ 12 → 17, 208 ÷ 16 → 13. 12 × 16 = 192, அதுல 1. 17 + 13 − 1 = 29.

அருவங்காடு

முதல் மூன்றும் சரி. நான்காவதில் 192-க்குப் பதில் மீ.சி.ம 48 போடுங்கள்: 48, 96, 144, 192 நான்கும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. 17 + 13 − 4 = 26. 208-ஆம் வளைவே 16-இன் மடங்கு. 'முதல் … வரை' என்பதால் அது எண்ணிக்கையில் சேரும்.